சொல்லாம கீரை

எங்கள் தெருவில் காலையில் கீரைக்காரம்மா குரல் கொடுத்தால், நான் சமையலறைக் கதவைச் சாத்திவிட்டு மிக்சியை ஓட விடுவேன். அரைக்க ஒன்றும் இல்லாவிட்டால் வெறும் ஜாரையே ஓட விடுவேன். அவள் மேல் எனக்கு ஒரு கோபமும் கிடையாது. மண் ஒட்டாத, பூச்சி அரிக்காத நல்ல கீரையாகத்தான் கொண்டுவருவாள். ஆனால் 'கீரே...' என்று அவள் இழுக்கிற இழுப்பைக் கேட்டால் எனக்கு அழுகை வந்துவிடும். கீரைக்காகவா ஒருத்தி அழுவாள் என்று கேட்டால், அழுவாள். ஒரு வருடமாக நான் அழுதிருக்கிறேன்.

நான் பட்டாபிராமில் வீட்டிலேயே கேக் செய்து விற்கிறவள். பிறந்தநாள், ஞானஸ்நானம், புதுநன்மை, நிக்காஹ், ரிட்டையர்மென்ட் என்று எது வந்தாலும் என் அடுப்படிக்குக் கொண்டாட்டம்தான். ஆரம்பத்தில் தெருக்காரர்களும் கோயில்காரர்களும்தான் வாங்கினார்கள். பிறகு ஆவடி, பூந்தமல்லி என்று ஆர்டர் போய்ச் சேர்ந்ததற்குக் காரணம் என் தம்பி. அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் அவனுக்கு வேலை; அம்மாவும் அவனும் எங்கள் வீட்டிலேயே இருந்தார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசை முடிந்து வந்து உட்கார்ந்தவன், மத்தியானம் பிரியாணி ஆறுவதற்குள் எனக்கு ஒரு வெப்சைட் செய்து கொடுத்துவிட்டான். கேக்கைப் போட்டோ எடுத்து அதில் ஏற்றுவதும், கீழே ஒரு வரி எழுதுவதும் என் வேலை.

எனக்கு எழுதத் தெரியாது என்பதை அவன் முதல் வாரமே கண்டுபிடித்துவிட்டான்.

"எக்கா, இன்னாக்கா இது? 'சிவப்பு கேக்'னு எழுதிக்கீற. சிவப்புன்னு எனக்கே தெரியுதே."

"பின்ன பச்சைன்னா எழுத முடியும்?"

"கண்ணுல தெரியறத எழுதாதக்கா. போட்டோல இல்லாதத எழுது. அதுக்குத்தான் கீழ எடம் வுட்டுக்கீது."

அவன் சொன்னால் நான் உடனே ஒத்துக்கொள்கிற ஆள் இல்லை. அவனைவிட எட்டு வயது மூத்தவள். அவனுக்கு மூக்கு சிந்திவிட்டவள். இருந்தாலும் அடுத்த கேக்குக்குக் கீழே, 'இது பூந்தமல்லி வரைக்கும் ஆட்டோவில் என் மடியில் உட்கார்ந்து போனது. ஸ்பீடு பிரேக்கரில் இரண்டு பேரும் சாமியைக் கும்பிட்டோம்' என்று எழுதினேன். இன்னொன்றுக்கு, 'இந்த ரோஜாப் பூக்கள் உருகி, மறுபடி பிறந்தவை. கரண்ட் வாரியம் வாழ்க' என்று எழுதினேன். ஜனங்கள் கேக்கைவிட அந்த வரிகளைப் படிக்க வந்தார்கள். ஆர்டர் கொடுக்கும்போதே, "எங்க கேக்குக்கும் எதுனா நல்லதா எழுதும்மா" என்று கேட்டவர்கள் உண்டு.

ஆனால் எனக்குச் சோம்பல் ஒரு பிறவி வியாதி. ஆர்டர் நெருக்கும் நாட்களில் போட்டோவை மட்டும் ஏற்றிவிட்டுக் கீழே ஒன்றும் எழுதாமல் போய்விடுவேன். அவனுக்கு அது பொறுக்காது.

"கேக்கு மேல மட்டும் பேரு, வயசுன்னு அழகா வளைச்சி வளைச்சி எழுதற. கீழ எழுதச் சொன்னா கை வலிக்குதா?"

அதற்காகவே எனக்கென்று ஒரு ப்ளகின் செய்தான். ப்ளகின் என்றால் என்னடா என்று கேட்டதற்கு, "மிக்சிக்கு ஜார் மாட்டறல்ல, அந்த மாதிரி. சைட்டு மிக்சி. இது ஜாரு" என்றான். அதை மாட்டிய பிறகு ஒவ்வொரு படத்துக்குக் கீழும் ஒரு பெட்டி வந்தது. விளக்கம் எழுதினால் அது அழகாகச் சாய்ந்த எழுத்தில் நிற்கும். எழுதாமல் விட்டால் அந்த இடத்தில் அவன் கேட்கிற மாதிரி ஒரு வரி மங்கலாகத் தெரியும். அது என் கண்ணுக்கு மட்டும் தெரிந்து என்னைக் குத்த வேண்டும். இதுதான் அவன் போட்ட திட்டம்.

'இன்னாக்கா, ஒண்ணும் சொல்லாம கீற?' என்பதுதான் அவன் எழுத நினைத்த வரி. அவன் போனில் இங்கிலீஷ் எழுத்தில் அடித்தால் அது தமிழாக மாற்றிக் கொடுக்கும். அந்த போனுக்கு எங்கள் பக்கத்துப் பேச்சு தெரியுமா? 'இருக்கிறாய்' என்பதற்கு நாங்கள் சொல்கிற 'கீற'வை அது வாழ்நாளில் கேட்டதில்லை. தனக்குத் தெரிந்ததைப் போட்டுக் கொடுத்தது. இவனும் பார்க்காமல் எடுத்து ஒட்டிவிட்டான். போதாததற்கு, எனக்கு மட்டும் தெரிய வேண்டியது ஊருக்கே தெரிகிற மாதிரி எதையோ செய்து வைத்திருந்தான்.

இரண்டு நாள் கழித்துக் குமணன்சாவடியிலிருந்து ஒரு அம்மா போன் செய்தார்.

"ஏம்மா, கீரையிலகூட கேக் போடுவியா? எங்க ஊட்டுக்காருக்கு சுகரு. கீரை கேக்குன்னா அவரும் ஒரு வாய் துன்னலாமே."

"கீரையா? இல்லீங்களே. யார் சொன்னாங்க?"

"உன் சைட்லதான் போட்டுக்கீது. சாக்லேட் கேக்காண்ட பாரு."

போய்ப் பார்த்தேன். சாக்லேட் கேக்குக்குக் கீழே ஊரறிய எழுதியிருந்தது: 'இன்னாக்கா, ஒண்ணும் சொல்லாம கீரை?'

அவனுடைய ஆபீஸ் நேரம் என்றுகூடப் பார்க்காமல் போன் போட்டுக் கத்தினேன். லைன் போய்விட்டதோ என்று நினைத்தால், அவன் சிரித்துக்கொண்டிருக்கிறான். சத்தம் வெளியே வராமல், மூச்சு முட்டி, மேசையில் தலையைச் சாய்த்துக்கொண்டு சிரிக்கிற சிரிப்பு. "சரி பண்றேன்க்கா" என்று கடைசியில் எப்படியோ சொன்னான். சாயங்காலம் வீட்டுக்கு வந்தவன், அம்மா கொடுத்த காபியை ஊதிக்கொண்டே, "இருக்கட்டும்க்கா. கீரையால உனக்கு யாவாரம் வருதுல்ல" என்றான்.

அவன் சரி செய்யவே இல்லை. எனக்கும் வீம்பு. ஒரு பெட்டியையும் காலியாக விடுவதில்லை, அந்தக் கீரை எப்படி எட்டிப் பார்க்கும் பார்க்கலாம் என்று ஒவ்வொரு படத்துக்கும் எழுதினேன். அவனுக்கு வேண்டியதும் அதுதான். என்னை ஜெயித்துவிட்டான்.

அந்தச் சொல் மட்டும் எங்கள் வீட்டில் தங்கிவிட்டது. நான் கோபித்துக்கொண்டு பேசாமல் இருந்தால் வாசலில் நின்று, "கீரை?" என்பான். அம்மா என் வீட்டுக்காரரிடம், "அவ காலையிலேருந்து கீரை, நீங்க எதுவும் கேக்காதீங்க" என்பாள். ஆவடி மார்க்கெட்டில் நிஜக் கீரை வாங்கும்போதுகூட எங்களுக்குச் சிரிப்பு வரும்.

பிறகு அந்த மழைக்காலம் வந்தது. தெருவெல்லாம் தண்ணீர், வீட்டுக்கு வீடு காய்ச்சல். தம்பிக்கும் வந்தது. மாத்திரை போட்டான், கஞ்சி குடித்தான், பாயில் படுத்துக்கொண்டே லேப்டாப்பைத் தட்டினான். உடம்பில் சிவப்புப் புள்ளிகள் வந்ததும் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். "திங்கக்கெழம ஆபீஸ் போயிடுவேன். மூஞ்சிய தூக்கிவச்சிக்காத" என்றான். ரத்தத்தில் எதுவோ குறைகிறது, குறைகிறது என்று டாக்டர்கள் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். கேக்குக்கு முட்டை குறைந்தால் கடைக்கு ஓடுகிறவள் நான். எனக்கு எங்கே ஓடுவது என்று தெரியவில்லை.

கடைசியாக அவனை விழித்த நிலையில் பார்த்தது ஒரு மத்தியானம். கையில் ஊசி, பக்கத்தில் சொட்டுச் சொட்டாக இறங்கும் தண்ணீர். நான் ஸ்டூலில் உட்கார்ந்து அவன் பாதத்தைப் பிடித்துக்கொண்டிருந்தேன். பாதம் ஜில்லென்று இருந்தது. பேசினால் அழுதுவிடுவேன் என்று வாயை இறுக்கி மூடியிருந்தேன். அவன் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தான். உதடு காய்ந்து வெடித்திருந்தது.

"கீரை?" என்றான்.

"போடா" என்றேன். அவ்வளவுதான். மறுநாள் அவன் இல்லை.

சாவு வீட்டில் பிளெக்ஸ் பேனர் வைப்பது எங்கள் பக்கத்து வழக்கம். நீலச் சட்டை போட்ட பாஸ்போர்ட் போட்டோவைப் பெரிதாக்கி, கீழே 'தோற்றம்', 'மறைவு' என்று தேதிகளோடு கடைக்காரர் அடித்துக்கொண்டு வந்துவிட்டார். அம்மா அதைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டாள். கிறிஸ்தவர்கள் நாங்கள் 'மண்ணில்', 'விண்ணில்' என்றுதான் போடுவோம். நான் கடைக்கே போய்ச் சண்டை போட்டேன். "எல்லாம் ஒண்ணுதானேக்கா" என்றார் அவர். ஒன்றா? மறைவு என்றால் முடிந்தது. விண்ணில் என்றால் எங்கோ இருக்கிறான். ஆனால் மாற்றி அடித்து வந்ததையும் நான் நிமிர்ந்து பார்க்கவில்லை. அவன் எந்த வார்த்தைக்குள்ளும் போவதை என்னால் தாங்க முடியவில்லை. ஒரு வருடமாக யார் விசாரித்தாலும் என் வீட்டுக்காரர்தான் பதில் சொன்னார். என் வாயில் அது வரவில்லை.

முப்பதாம் நாள் பூசை முடிந்த பிறகு ஒரு குழந்தையின் பிறந்தநாளுக்கு ஆர்டர் வந்தது. வேலை செய்தால் மனசு தேறும் என்று எல்லோரும் சொன்னார்கள். செய்தேன். பழக்க தோஷத்தில் போட்டோ எடுத்து சைட்டில் ஏற்றினேன். கீழே எழுத ஒரு எழுத்துகூட வரவில்லை. அப்படியே விட்டேன்.

பக்கம் திறந்தது. மஞ்சள் கேக்குக்குக் கீழே அவன் கேட்டான்: 'இன்னாக்கா, ஒண்ணும் சொல்லாம கீரை?'

அந்த வரி இருப்பதையே நான் மறந்து போயிருந்தேன். மாவுக் கையோடு தரையில் உட்கார்ந்துவிட்டேன். எவ்வளவு அழுதேன் என்று சொல்ல முடியாது. அழுது முடித்ததும் மறுபடி பார்த்தேன். அப்போதும் கேட்டுக்கொண்டுதான் இருந்தான்.

அன்றிலிருந்து நான் ஒரு படத்துக்கும் கீழே எழுதவில்லை. எழுதினால் அவன் வாயை மூடிக்கொள்வான், எழுதாவிட்டால் பேசுவான். கேக் செய்வதே போட்டோவுக்காக, போட்டோ அந்த வரிக்காக என்று ஆகிவிட்டது. பழைய வாடிக்கைக்காரர்கள், "எவ்ளோ நல்லா எழுதுவ, இப்ப ஏன் எல்லாத்துக்கும் ஒரே வரி?" என்று கேட்டார்கள். என் வீட்டுக்காரர் அதிகம் பேசாத மனிதர். ஒரு நாள் பயந்துகொண்டே, "அத எடுத்துடச் சொல்லலாமா? நீ பாத்துப் பாத்து அழுவுற" என்றார். "கை வச்சிப் பாருங்க" என்றேன். அதற்கப்புறம் அவர் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

அடுத்த மழைக்காலமும் வந்தது. வருட நினைவுத் திருப்பலிக்குத் தேதி குறித்தாயிற்று. கிறிஸ்துமஸ் பிளம் கேக்குக்கு ஆர்டர் வரத் தொடங்கும் நேரமும் அதுதான். ஆனால் சைட்டில் ஆர்டர் கொடுக்கிற பக்கம் திறக்கவே இல்லை, வெள்ளையாக நின்றது. தம்பியோடு வேலை பார்த்த நண்பனைக் கூப்பிட்டேன். தங்கமான பையன். எங்கள் வீட்டுக்குள் வரும்போது இன்னும் தம்பியின் செருப்பு இருந்த இடத்தைப் பார்த்துவிட்டுத்தான் வருவான். கொஞ்ச நேரம் எதையெதையோ திறந்து பார்த்தான். பிறகு என் முகத்தைப் பார்க்காமல் பேசினான்.

"அக்கா, சைட்டு புது வெர்ஷனுக்கு மாறிடுச்சி. அவன் பண்ண ப்ளகின் பழசு. அதுதான் இடிக்குது. எடுத்தாத்தான் ஆர்டர் பக்கம் வரும்."

"சரி பண்ண முடியாதா?"

"பாத்தேன்க்கா. அவனா இருந்தா பண்ணியிருப்பான்."

ஒரு நாள் பொறுக்கச் சொன்னேன். அம்மாவுக்கு ஒரு ஆசை இருந்தது. வெளியூர்ச் சொந்தமெல்லாம் அந்த சைட்டைப் பார்ப்பதால், அவன் படத்தைப் போட்டு, கீழே 'மண்ணில்', 'விண்ணில்' என்று எழுதி, பூசைக்கு அழைக்க வேண்டும் என்றாள். அந்த நீலச் சட்டைப் போட்டோ வேண்டாம் என்று நான் வேறொன்றைத் தேடி எடுத்தேன். என் சமையலறையில் நான் எடுத்த படம். க்ரீம் கரண்டியை நக்கிக்கொண்டே என்னிடம் எதையோ சொல்ல வாயைத் திறந்திருக்கிறான். மூக்கில் க்ரீம்.

அதை ஏற்றினேன். 'மண்ணில்' என்று அடிக்க விரலைக் கொண்டுபோனேன். போகவில்லை. படத்தில் இல்லாததை எழுதச் சொன்னான். அந்தப் படத்தில் இல்லாதது ஒன்றே ஒன்றுதான். அதை நான் எழுதமாட்டேன் என்று பெட்டியைக் காலியாக விட்டேன்.

அவன் திறந்த வாய்க்கு நேர் கீழே வந்தது: 'இன்னாக்கா, ஒண்ணும் சொல்லாம கீரை?'

முதலில் எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. அம்மா கண்ணாடி போட்டுக்கொண்டு என் போனை வாங்கினாள். அவள் விரலை வைத்து எழுத்துக்கூட்டித்தான் படிப்பாள்; விரல் பட்டதும் படம் பெரிதாகி ஓடிவிடும். மூக்கு மட்டும் வரும், காது மட்டும் வரும். அதைத் திரும்பப் பிடித்து இழுத்து, அந்த வரியைப் படித்து முடித்தாள். பிறகு போனைப் பார்த்தே, "இன்னாடா சொல்றது... இன்னாத்த சொல்றது" என்றாள். நான் அவள் மடியில் முகத்தை வைத்துக்கொண்டேன்.

மறுநாள் அந்த நண்பன் வந்து ப்ளகினை எடுத்தான். எனக்கு வருத்தமாக இருக்கும் என்று, வேறொரு ப்ளகினைப் போட்டு அதிலும் அந்த வரி வருகிற மாதிரி செய்து வைத்திருந்தான். காட்டினான். 'என்ன அக்கா, ஒன்றும் சொல்லாமல் இருக்கிறீர்களே?' என்று இருந்தது.

"யாருப்பா இது? பேங்க்லேருந்து பேசறாங்களா?"

"அது எழுத்துப் பிழைன்னு நெனச்சேன்க்கா" என்றான் பாவம். அவசரமாக 'கீரை' என்று மாற்றி அடித்துக் காட்டினான். அதே வரி, அதே பிழை. ஆனால் அடித்தது யார் என்று எனக்குத் தெரியுமே. என் கண் முன்னால்தானே அடித்தான். அதை அழித்துவிடச் சொன்னேன். அழித்தான். அதோடு கேக்குகள் எல்லாம், தம்பி படம் உட்பட, கீழே ஒன்றுமில்லாமல் நின்றன. ஆர்டர் பக்கம் நன்றாக வேலை செய்தது.

அடுத்த நாள் காலை. கேக் டப்பாக்கள் கொண்டுவரும் வண்டிக்காக வாசலில் நின்றேன். கீரைக்கூடை பக்கத்து வீட்டைத் தாண்டி வந்ததை நான் கவனிக்கவில்லை. ஓடிப்போய்க் கதவைச் சாத்த நேரம் இல்லை.

"எக்கா, ஒரு வருசமா எங்கிட்ட ஒரு கட்டு வாங்கல நீ. அரக்கீரை கீது, முருங்க கீது, இன்னா வேணும்?"

கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கீரைக்காரம்மா கூடையை இடுப்பில் மாற்றிக்கொண்டு என் முகத்தைக் குனிந்து பார்த்தாள்.

"இன்னாக்கா, ஒண்ணும் சொல்லாம கீற?"

பிழை இல்லாமல், அவன் எழுத நினைத்த மாதிரியே கேட்டாள்.

"எந்தம்பி செத்துட்டாம்மா" என்றேன்.

எனக்கே என் குரல் கேட்டது. ஒரு வருடமாக வராத வார்த்தை, தெருவில், பால்காரர் போகிற நேரத்தில் வந்து விழுந்தது. நான் கேட்டின் மேலேயே சாய்ந்து சத்தம் போட்டு அழுதேன்.

அவள் கூடையைக் கீழே வைத்தாள். "தெரியும்க்கா. நான் சாவுக்கு வந்துருந்தேன். உனக்குத்தான் நெனப்பு இல்ல" என்றாள். அழுகை அடங்கும்வரை ஈரக்கையால் என் முதுகைத் தடவிக்கொண்டே நின்றாள்.

ஒரு கட்டு அரைக்கீரை வாங்கிக்கொண்டு உள்ளே போனேன். அதை மேடையில் வைத்துவிட்டு, கையைத் துடைத்து, அவன் படத்தைத் திறந்தேன். 'மண்ணில்' எழுதி, பிறந்த தேதியைப் போட்டேன். 'விண்ணில்' எழுதினேன். அந்தத் தேதியையும் போட்டேன். பூசை நேரத்தை எழுதினேன். கீழே இன்னும் இடம் இருந்தது. 'கீரை' என்று எழுதினேன்.

அம்மாவிடம் காட்டினேன். விரலை வைத்து, படம் ஓட ஓடப் பிடித்து இழுத்து, ஒவ்வொன்றாகக் கூட்டிப் படித்தாள். கடைசிச் சொல்லுக்கு வந்தபோது நின்றாள். கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்தாள்.

"இருக்கட்டும்" என்றாள்.